யாருடைய தட்டிலிருந்து?

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் உப்புச் சாடிக்கு அருகே வாய் குறுகிய சிறு மண்பானை ஒன்று இருந்தது. உலையில் அரிசி போடுமுன், அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அம்மா அதில் இடுவார். மாத இறுதியில் அது கோவிலுக்குப் போகும். அங்கிருந்து ஊரிலுள்ள ஆதரவற்ற முதியவர்களுக்குப் போகும். பிடியரிசி என்பது நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. மிசோரம் மலைநாட்டில் பிரெஸ்பித்தேரியன் சபைப் பெண்கள் 1910-ஆம் ஆண்டில் இதே வழக்கத்தைத் தொடங்கி, ஒரு கைப்பிடியால் ஒரு திருச்சபையின் பணிகளையே தாங்கிக் காட்டினர்.

அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். தூத்துக்குடிக்குத் தெற்கே, பனைகள் நிறைந்த ஒரு சிற்றூர். பிள்ளைகள் நாங்கள் ஐவர். நான் சொல்வது 1960-களின் நடுப்பகுதி. அரிசிக்காக மக்கள் கடைவாசலில் கால்கடுக்க நின்ற காலம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் எத்துணை வலிமையோடு ஒலித்தது என்பதை அறிந்தோர்க்கு அக்காலத்து அடுப்பங்கரைகளின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. அந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒருவேளையும் உலை ஏறாமல் இருந்ததில்லை. வாசலில் வந்து நின்றவர் வெறுங்கையோடு திரும்பியதுமில்லை. தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றமாட்டார் அம்மா. துணிமுடிச்சில் தொட்டுத் தேய்ப்பார். அண்ணனின் சட்டை எனக்கு வரும், என்னிடமிருந்து தம்பிக்குப் போகும், பிறகு பையாகும், கடைசியில் அடுப்பங்கரைக் கரித்துணியாகித்தான் அதற்கு மோட்சம். ஒரே மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி ஐந்து பிள்ளைகளும் படித்தோம். பங்குத்தந்தை ஒருமுறை பிரசங்கத்திலேயே, பெயர் சொல்லாமல் ஊர்க்கெல்லாம் புரியும்படி, எங்கள் அம்மாவின் சிக்கனத்தைப் புகழ்ந்தார். அன்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினோம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அடுப்பங்கரையில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துவிட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கும்பா. சோற்றுப்பானையைச் சுரண்டி எடுத்த பருக்கைகளில் நீரூற்றி, உப்பும் ஒரு மிளகாயும் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை நாங்கள் சாளை மீன் குழம்பு ஊற்றி வயிறார உண்டிருந்தோம்.

“அம்மா, மீன்?”

“எனக்கு மீன் ஒத்துக்காதுல. நீ போய்ப் படு.”

நம்பினேன். மறுநாள் என் தங்கையிடம், அம்மாவுக்கு மீன் பிடிக்காதாம் என்று ஒரு செய்தியைப்போலச் சொல்லவும் செய்தேன்.

சில மாதங்கள் கழித்து, மாதா திருநாளுக்கு முந்தைய நாள், கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அம்மா மயங்கி விழுந்தார். அப்பா வண்டி கட்டி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். மருத்துவர் அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். உடம்பில் இரத்தமே இல்லையே என்றார். பிறகு அப்பாவை நோக்கி, “இவங்க என்ன சாப்பிடுறாங்க?” என்று கேட்டார். “நாங்க சாப்பிடுறதத்தான் ஐயா” என்றார் அப்பா. “அது தெரியும். இவங்க என்ன சாப்பிடுறாங்க?” என்று மருத்துவர் மீண்டும் கேட்டார். இருபது ஆண்டுக்காலம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மனிதரால் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலவில்லை. அப்பா தம் தோள்துண்டின் முனையைத் திருகிக்கொண்டே நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

சிக்கனமாகவும் மகிழ்ச்சியாகவும் குடும்பம் நடத்துவது எப்படி என்று திருமண ஆயத்த வகுப்புகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் பேசுகிறோம். நல்ல குறிப்புகள் பலவும் தருகிறோம். அவற்றை நான் குறை கூறவில்லை. எனினும் அந்த மருத்துவரின் கேள்வியை அவற்றுக்கு முன்னால் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம். ஒரு வீட்டில் மிச்சம் பிடிக்கப்படுகிறது என்றால், அது யாருடைய தட்டிலிருந்து பிடிக்கப்படுகிறது?

நம் ஆண்டவர் சிக்கனத்தை ஏற்றாரா, இல்லையா என்று கேட்டால் நற்செய்தி ஒற்றை விடை தருவதில்லை. யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்தபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொல்கிறார். ஒன்றுமில்லாமையிலிருந்து உணவைப் பெருக்கிக் கொடுக்க வல்லவர், கீழே சிந்திய ரொட்டித் துண்டுக்குக் கவலைப்படுகிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. அதே நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்திலோ பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவருடைய பாதங்களில் ஊற்றுகிறார். அதன் மதிப்பு முந்நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம் எனில், ஏறத்தாழ ஓராண்டின் உழைப்பு அந்த அறையில் மணமாகக் கரைந்தது. இது வீண்செலவு, விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு குரல் எழுகிறது. கணக்குப்படி அது சரியான குரல். அது யூதாசின் குரல் என்கிறார் யோவான்; பணப்பை அவனிடம்தான் இருந்தது, அதிலிருந்து அவன் எடுத்துக்கொள்வதும் உண்டு என்கிறார். (மத்தேயு அந்தக் குரலைச் சீடர்கள் எல்லாருக்கும் உரியதாக்குகிறார். இது நமக்கு இன்னும் நெருக்கமான எச்சரிக்கை.) கானா ஊர்த் திருமணத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆறு கற்சாடிகளில் நிறைந்த திராட்சை இரசம் நம் அளவையில் 450 லிட்டருக்குக் குறையாது. ஒரு கிராமத்துக் கல்யாண வீட்டுக்கு அது தேவைக்கு மிகுதிதான்!

துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவரும் தைலத்தைச் சிந்தவிட்டவரும் ஒருவரே. இரண்டையும் ஒட்டவைப்பது அளவு அன்று. துண்டுகள் சேர்க்கப்பட்டது எல்லாரும் உண்டு முடித்த பின்னர். எவருடைய பசியிலிருந்தும் அந்தக் கூடைகள் நிறையவில்லை. தைலமோ அவளுடையது, அவளே கொண்டுவந்தாள், அவளே உடைத்தாள். யூதாசு மிச்சம் பிடிக்க விரும்பியது பிறருடைய அன்பிலிருந்து.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தின் அறிவற்ற செல்வனும் ஒரு வகையில் நல்ல சிக்கனக்காரனே. அவன் குடிக்கவில்லை, சூதாடவில்லை. விளைந்ததில் ஒரு மணியும் வீணாகாதபடி களஞ்சியத்தைப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். அந்த உவமையை ஒருமுறை மெல்லப் படித்துப் பாருங்கள். அதில் அவனைத் தவிர வேறு மனிதரே இல்லை. மனைவி இல்லை, மக்கள் இல்லை, அறுவடை செய்த கூலியாள் இல்லை. அவன் பேசுவதும் தன் நெஞ்சோடுதான். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பசிலியார் இவ்வுவமையின்மீது ஆற்றிய மறையுரையில், பெட்டியில் கிடந்து மக்கும் ஆடை உடையற்றவனுக்கு உரியது என்று துணிந்து கூறினார். வள்ளுவரும் குற்றங்கடிதல் அதிகாரத்தில் இவறன்மையைப் பிற குற்றங்களோடு சேர்த்து எண்ண மறுக்கிறார்; அது தனித்து நிற்கும் குற்றம் என்பது அவர் துணிபு. அதே வள்ளுவர்தாம், வருகிற வழி சிறிதானாலும் போகிற வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று சிக்கனத்தைப் போற்றுகிறார். சிக்கனக்காரனும் கருமியும் வெளித்தோற்றத்தில் இரட்டையர். ஒரே தோசைக்கல், ஒரே துணிமுடிச்சு.

இங்கே ஒரு மறுப்பு எழும். என் மனைவியே எழுப்பினார். “உங்க அம்மா அன்பினால செஞ்சத நீங்க ஏன் அநியாயம்னு எழுதுறீங்க? தாயின் தியாகம் கிறிஸ்தவ அன்பு இல்லையா?” என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. நம் மறையின் நடுவில் இருப்பதே தன்னைப் பிட்டுக் கொடுத்த ஒருவரின் பந்தி. தன்னிடம் இருந்த இரண்டு சிறு காசுகளையும் போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் புகழ்ந்தார் அன்றோ?

புகழ்ந்தார். ஆனால் மாற்கு நற்செய்தியில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னே இருப்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை அவர் கடிந்துகொண்ட உடனேதான் காணிக்கைப் பெட்டியருகே அந்தக் கைம்பெண் வருகிறார். கொடுத்தவரைப் புகழ்ந்த அதே வாய், பெற்றுக்கொண்டே இருப்பவரைக் கடிந்துகொண்டது. சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் வரலாற்றிலும் நாம் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்தாள் என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும். அதன்பின் அவளும் அவரும் அவள் வீட்டாரும் பல நாள் உண்டனர் என்று அரசர் முதல் நூல் கூறுகிறது. அவளும் உண்டாள்! பானையில் மாவு குறையவில்லை என்ற புதுமையின் பயனே அதுதான்.

என் அம்மா கொடுத்தார் என்பது உண்மை. நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பதும் உண்மை. தியாகம் என்று பெயர் சூட்டிவிட்டால் எடுத்துக்கொண்டவர்கள் எதையும் கேட்கவேண்டியதில்லை. நாள்காட்டியில் குறிக்கப்படாத ஒருசந்தியை ஆண்டு முழுவதும் ஒருவர் மட்டும் அனுசரிக்க, மற்றையோர் அதைச் சிக்கனம் என்று பாராட்டிக்கொண்டிருந்தோம். 2019-21-இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. மாதவிலக்கு, மகப்பேறு, குடற்புழு எனக் காரணங்கள் பல. கடைசியில் உண்பது ஒன்றே காரணம் என்பது பேதைமை. ஆனாலும் இந்த எண்களைப் படிக்கும்போது அந்தக் கும்பாவை நான் மறக்க இயலாது.

பிறரைப் பற்றியே எழுதிக்கொண்டு போவது முறையன்று. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஆசிரியராகப் பணியாற்றியவன். என் தந்தையைப் போலவே கணக்கு எழுதுகிறவன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை. மாத முடிவில் நான்கு நாள் கூலியைக் கழித்து, அதை ஏட்டில் மிச்சம் என்ற பத்தியில் எழுதினேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் படுத்திருந்தப்ப, பள்ளிக்கூடத்துல சம்பளத்தப் பிடிச்சாங்களா?” என்று கேட்டார். பிடிக்கவில்லை, மருத்துவ விடுப்பு இருந்தது. கூலியாளின் ஊதியத்தை விடியும்வரைகூட வைத்துக்கொள்ளாதே என்கிறது லேவியர் நூல். நிறுத்திவைக்கப்பட்ட கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. இவ்விரு பகுதிகளையும் கோவிலில் நானே வாசகமாக வாசித்திருக்கிறேன், நல்ல உச்சரிப்போடு.

கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். அன்று மாலையே குளிரூட்டப்பட்ட துணிக்கடையில் சீட்டில் குறித்த விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு வருவோம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் தேவையற்ற முதலாவதையும் வாங்குவோம். அதற்கும் சிக்கனம் என்றே பெயர். இன்று கைப்பேசியில் விரலால் தொட்டால் பணம் போய்விடுகிறது. மடியில் முடிந்த காசை அவிழ்க்கும்போது கைக்குத் தெரிகிற கனம் அதில் தெரிவதில்லை. புதுநன்மை விருந்துக்கும் கல்யாணத்துக்கும் வட்டிக்கு வாங்கி, ஒரு நாள் பெருமைக்காகப் பல ஆண்டுகள் தலைகுனிந்து நடக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003-இல் சட்டமே வந்தது. சட்டம் கந்துவட்டிக்காரனைத் தடுக்கலாம். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற அச்சத்தைத் தடுக்குமா? அந்தக் கடனும் இறுதியில் யாரோ ஒருவருடைய தட்டிலிருந்துதான் அடைக்கப்படுகிறது. பெரும்பாலும் படிப்பை நிறுத்திக்கொள்ளும் மகளுடைய தட்டிலிருந்து.

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், உணவை வீசி எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பு என்று நினைவூட்டுகிறார். உண்ணுமுன்னும் பின்னும் நன்றி கூறும் வழக்கத்தைக் குடும்பங்கள் மீண்டும் கைக்கொள்ளக் கேட்கிறார். நன்றி கூறும் அந்தச் சிறு நேரத்தில் கண்களை மூடாமல், பந்தியில் இருப்போரின் தட்டுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது செபத்துக்கு இடையூறு என்று பெரியோர் கருதினால் பொறுத்தருள்க.

மகிழ்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். வறுமையை மகிழ்ச்சி என்று சொல்லி ஏமாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பற்றாக்குறை ஒளிக்கப்படும் வீட்டில் ஒருவகைக் கனம் படிந்துகிடக்கிறது. அனைவரும் அறிந்து பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அதே பற்றாக்குறை ஏறத்தாழ விளையாட்டாகிவிடுகிறது. இதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

அம்மா நோயிலிருந்து எழுந்த பின் வந்த முதல் சம்பள நாளன்று அப்பா பணத்தைக் கொண்டுவந்து திருக்குடும்பப் படத்தின்முன் வைத்தார். செபமாலை முடிந்தபின் எங்கள் எல்லாரையும் உட்காரச் சொன்னார். அதுவரை நாங்கள் தொட்டறியாத கணக்கு ஏட்டை மூத்த அக்காவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடச் செலவு, கோவில் வரி, அப்பாவின் மூக்குப்பொடி. பக்கம் பக்கமாக அக்கா படித்தாள். அம்மாவின் பெயரில் ஒரு வரியும் இல்லை. அக்கா படிப்பதை நிறுத்தினாள். எவரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா அன்றோடு மூக்குப்பொடியை விட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை, பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாதந்தோறும் அந்தக் கூட்டம் நடந்தது. எது வேண்டும், எது பொறுக்கும் என்று கடைக்குட்டிவரை பேசலாம். பிடியரிசிப் பானையில் அரிசி இடும் வேலை ஆளுக்கு ஒருநாள் என்றாயிற்று. தம்பியின் கைப்பிடி சிறிது என்பதால் அவன் இரண்டு பிடி போடுவான், அதற்காக ஒரு சண்டை நடக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மிச்சம் பிடித்த காசில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இடியாப்பம். மாதம் முழுவதும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியே பாதி மகிழ்ச்சியை முன்கூட்டி உண்டுவிடுவோம். சோற்றுப்பானையை அம்மா இனித் தனியே சுரண்டக்கூடாது, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து அவரவரே பரிமாறிக்கொள்ளவேண்டும் என்பது அப்பா இட்ட கட்டளை. அக்காலத்தில் எங்கள் ஊரில் அது புதுமை. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்தார்.

வீட்டில் ஐந்தாறு கோழிகள் நின்றன. முட்டைகளைக் கடையில் கொடுத்துவிடுவோம். வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் வீட்டுக்கு. அதை முன்பெல்லாம் யாருக்குக் காய்ச்சலோ, யாருக்குத் தேர்வோ அவருக்குக் கொடுப்பார்கள். இப்போது அப்பா பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஏழு பெயர்களையும் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் பெயர் அம்மாவுடையது.

முதல் முட்டை அவித்த அன்று அம்மா அதைக் கையில் எடுத்து, வழக்கம்போல நூலால் இரண்டாக அறுக்கப் பார்த்தார், தம்பிக்குப் பாதி கொடுக்க. அப்பா தம் தட்டைக் கீழே வைத்தார். “முழுசா” என்றார். அம்மா வெட்கத்தோடு சுவர்ப்பக்கம் சற்றே திரும்பிக்கொண்டு மெல்லக் கடித்தார். நாங்கள் ஐவரும் சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அம்மாவுக்கு முட்டை பிடிக்குமா?” என்று தங்கை கேட்டாள்.

எங்களில் எவருக்கும் தெரியவில்லை. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, பிடிக்கும் என்று தலையசைத்தார்.